பதின்மூன்று டாலர் சம்பளக்காரர் ஏன் பணத்தைப் பற்றியே எழுதினார்?

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இங்குள்ள வரலாற்றுச் சங்கத்தில், பழைய கடிதங்களைப் படித்து டைப் செய்து கொடுக்கும் வேலையைச் சும்மா ஒரு ஆர்வத்தில் எடுத்துக்கொண்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த ஒரு சிப்பாய் மனைவிக்கு எழுதிய கட்டு எனக்கு வந்தது. 1862 ஆகஸ்டில் மூன்று வருடத்துக்குச் சேர்ந்தவர். சண்டையைப் பற்றி இருக்கும் என்று உட்கார்ந்தால் எல்லாம் காசு. அக்டோபரோடு சம்பளம் நின்றுவிட்டது. பிப்ரவரியில் வீட்டுக் கடைப்பாக்கி இவ்வளவு. படைக்குக் கூடவே வரும் கடைக்காரரான சட்லரிடம் கடன். தங்கக் காசை மாற்றாதே. மாட்டை விற்காதே. பக்கத்துப் பண்ணைக்காரன் 300 டாலர் கட்டிவிட்டு வீட்டோடு இருக்கிறானாமே! ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டைக்கு மூன்றே வரி. கடைசிக் கடிதம் 1864 கோடையில் வாஷிங்டன் ஆஸ்பத்திரியிலிருந்து. 'என் டிஸ்கிரிப்டிவ் லிஸ்ட் (ஏதோ விவரத்தாள்போல) இன்னும் வரவில்லை' என்று புலம்பல். அதோடு கட்டு முடிந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான கண்காட்சிக்கு இதைச் சுருக்கித் தரச் சொல்கிறார்கள். பணத்தைப் பற்றிய பகுதிகளை வெட்டிவிடலாமா? இந்த மனிதர் கஞ்சரா, இல்லை எல்லோருமே இப்படித்தானா?

பதில்: வெட்டாதீர்கள். இடம் பற்றாவிட்டால் ஃபிரெடரிக்ஸ்பர்க் வரிகளை வெட்டுங்கள். அந்தச் சண்டையை ஜெனரல்கள் எழுதினார்கள், பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள், எங்களைப் போன்ற வரலாற்று வாத்தியார்கள் இன்றுவரை விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறோம். 1863 பிப்ரவரியில் ஒரு பென்சில்வேனியாப் பண்ணை வீட்டுக்குக் கடைப்பாக்கி எவ்வளவு இருந்தது என்பதை எழுதி வைத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

கஞ்சரும் இல்லை. எண்பதுகளில் மஸ்கட்டுக்கும் துபாய்க்கும் போன நம் ஊர் ஆட்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். 'நலம், நலமறிய ஆவல்' முடிந்ததும் டிராஃப்ட் வந்ததா, அடகு நகையை மீட்டாயா, சித்தப்பாவுக்கு வட்டி கொடுத்தாயா என்றுதான் ஓடும். வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கும் ஆம்பளைக்குக் குடும்பத்தை நடத்த இருக்கும் ஒரே வழி அந்தக் காகிதம்தான். உங்கள் சிப்பாய் 'மாட்டை விற்காதே' என்று எழுதுவது, தான் இன்னமும் அந்த வீட்டுத் தலைவன்தான் என்று சொல்லிக்கொள்வது. சண்டையைப் பற்றி அவர் எழுதாததற்கும் காரணம் உண்டு. பார்த்ததை எழுதினால் மனைவி தூங்க மாட்டாள்.

இனி கணக்குக்கு வருவோம். போர் தொடங்கியபோது வடக்கில் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 11 டாலர். 1861 ஆகஸ்டிலிருந்து 13. அன்றைக்கு ஒரு பண்ணையாளுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் போக மாதம் 10 முதல் 15 டாலர் வரை கிடைத்தது. ஆகவே 13 என்பது சேரும்போது மோசமான சம்பளம் இல்லை. அவர் சேர்ந்த 1862 கோடையில் ஜனாதிபதி லிங்கன் புதிதாக 3 லட்சம் பேரைக் கேட்டிருந்தார். சேருகிறவர்களுக்கு 100 டாலர் ஊக்கத்தொகை உண்டு. அதில் 25ஐ முன்னதாகவே கொடுத்தார்கள். ஒரு மாதச் சம்பளம் 13 முன்பணம், சேர்ப்புப் பணம் 2. ஆக 40 டாலர். முதல் சில கடிதங்களில் 40 என்ற எண் எங்காவது தலைகாட்டினால் அது இதுதான். மீதி 75 டாலர், போர் முடிந்து விடுவிக்கும் நாளில் கிடைக்கும். அந்த 75ஐ நம்பி வீட்டில் எதையெதையெல்லாம் திட்டமிட்டார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நிலத்துக் கடன் அதில் இருக்கும்.

சம்பளம் ஏன் வரவில்லை? விதிப்படி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பட்டுவாடா. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், ஆகஸ்டு, அக்டோபர், டிசம்பர் மாதங்களின் கடைசி நாளில் எல்லோரையும் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு சம்பளப் பட்டியல் எழுதுவார்கள். அந்த நாளில் ஆஜர் இல்லாதவனுக்குச் சிக்கல். பட்டியலில் பிழை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பிறகு பட்டுவாடா மேஜர் இரும்புப் பெட்டியோடு காவல் வைத்து வரவேண்டும். படை நகர்ந்துகொண்டிருந்தால் அவர் வரமாட்டார். இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். பெரிய காரணம், வாஷிங்டனில் பெட்டியே காலி.

1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. 1862 பிப்ரவரி 25இல் காகித நோட்டைச் சட்டப்படி செல்லுபடியாக்கி 15 கோடி டாலருக்கு அச்சடித்தார்கள். முதுகு பச்சையாக இருந்த 'கிரீன்பேக்' நோட்டு அதுதான். போர்ச் செலவோ நாளொன்றுக்கு இருபது லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. துப்பாக்கி விற்றவனும் இறைச்சி விற்றவனும் கருவூலத்து வாசலிலேயே நின்றார்கள். சிப்பாயால் நிற்க முடியாது. அதனால் அவனுக்குத்தான் கடைசியில் கொடுத்தார்கள். 1863 ஜனவரி 17இல் படைச் சம்பளப் பாக்கியைத் தீர்க்கவென்றே இன்னும் 10 கோடி டாலருக்கு நோட்டு அடிக்க காங்கிரஸ் தீர்மானம் போட்டது. லிங்கன் கையெழுத்திட்டார், கூடவே, இப்படி நோட்டை அடித்துக்கொண்டே போனால் விலைவாசி என்ன ஆகும் என்று கவலைப்பட்டுக் காங்கிரசுக்கு ஒரு செய்தியும் அனுப்பினார். உங்கள் ஆள் அக்டோபரோடு சம்பளம் நின்றுபோனதாக எழுதும் கடிதம் அந்த மாதத்தையொட்டியதாக இருந்தால், அவரும் ஜனாதிபதியும் ஒரே சமயத்தில் ஒரே விஷயத்துக்காகத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் குளிர்காலம் அவர் இருந்த இடம் பெரும்பாலும் ஃபால்மவுத். ஃபிரெடரிக்ஸ்பர்க்குக்கு எதிர்க்கரை, நடுவில் ராப்பஹானக் ஆறு. 1862 டிசம்பர் 13 சண்டையில் அடிவாங்கித் திரும்பிய படை அங்கேதான் குளிரைக் கழித்தது. தரையில் முழங்கால் ஆழம் தோண்டி, மரக்கட்டையை அடுக்கிச் சுவர் எழுப்பி, கூடாரத் துணியைக் கூரையாகப் போட்டு, குச்சியும் களிமண்ணும் பூசிய புகைபோக்கியின் உச்சியில் அடிப்பக்கம் உடைந்த ஒரு பீப்பாயைக் கவிழ்த்திருப்பார்கள். உள்ளே மூன்று நான்கு பேர். பீப்பாய் தீப்பிடித்துக்கொள்வது அன்றாடக் கூத்து. சுற்றிலும் இருந்த காடு சில வாரத்தில் அடுப்புக்குப் போய்விட, விறகுக்காக நடக்கும் தூரம் நாளுக்கு நாள் கூடியது. காலையில் பெயர் கூப்பிடல், பிறகு டிரில், மறுபடியும் டிரில், முறை வந்தால் ஆற்றங்கரையில் காவல். சண்டை என்பது வருடத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் இதுதான்.

சாப்பாட்டுக்கு 'ஹார்ட்டாக்' என்ற மாவு வில்லை. நம் வீட்டு வர்க்கி என்று நினைத்துவிடாதீர்கள். துப்பாக்கிக் கட்டையால் அடித்தால்தான் உடையும். காப்பியில் ஊறப்போட்டால் புழு மேலே மிதக்கும். அதை எடுத்தெறிந்துவிட்டுச் சாப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒன்பது பத்து வில்லை, உப்புப் பன்றி இறைச்சி, பயறு. காப்பி மட்டும் தாராளம். கொட்டையை வாளியில் போட்டுத் துப்பாக்கிக் கட்டையால் இடித்துக்கொள்வார்கள். எதிர்க்கரையில் இருந்த தெற்குப் படைக்குக் காப்பி கிடையாது, ஆனால் புகையிலை உண்டு. அதிகாரி இல்லாத நேரம் பார்த்து, குட்டிப் படகு செய்து அதில் காப்பியை வைத்து அந்தக் கரைக்குத் தள்ளிவிட, புகையிலை திரும்பி வரும். கையில் காசில்லாத இரண்டு படைகள் பண்டமாற்று நடத்தியிருக்கின்றன. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை உங்களுக்குக் கிடைக்காது.

ஜனவரி 26இல் ஹூக்கர் அந்தப் படைக்குத் தளபதியானார். சண்டையில் அவர் பெயர் பின்னால் கெட்டுப்போனது. ஆனால் சோறு போட்டவர் என்று சிப்பாய்கள் மறக்கவில்லை. வாரம் நான்கு நாள் புதிய ரொட்டி, இரண்டு நாள் உருளைக்கிழங்கு அல்லது வெங்காயம் என்று உத்தரவு போட்டார். முறை வைத்து ஊருக்கு லீவும் கொடுத்தார். கடிதங்களில் பிப்ரவரிக்குப் பிறகு புலம்பலின் சத்தம் குறைகிறதா என்று பாருங்கள். வெங்காயம் என்ற சொல் வந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

அடுத்து சட்லர். ஒவ்வொரு ரெஜிமெண்டோடும் (படைப்பிரிவு) வண்டியில் சரக்கேற்றிக்கொண்டு கூடவே போன லைசென்ஸ் வியாபாரி. புகையிலை, வெண்ணெய், டப்பாப் பால், பாலாடைக்கட்டி, பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம், எழுதுதாள், ஊசிநூல் எல்லாம் அவரிடம் உண்டு. விலைதான் வாயைப் பிளக்க வைக்கும். வெல்லப்பாகு பிஸ்கெட் ஆறுக்கு 25 சென்ட். ஒரு பவுண்டு வெண்ணெய் ஒரு டாலர் வரை போனது, அதுவும் சிக்கெடுத்தது. சிப்பாயின் ஒரு நாள் சம்பளம் 43 சென்ட் என்பதை வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

கையில் காசில்லாதவன் எப்படி வாங்கினான்? பற்று எழுதித்தான். சட்லர் தன் பெயர் போட்ட அட்டைச் சீட்டோ தகர வில்லையோ கடனாகக் கொடுப்பார். அது அவர் கடையில் மட்டுமே செல்லும். பட்டுவாடா நாளில் மேஜரின் மேசைக்குப் பக்கத்தில் அவரும் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். சம்பளத்தில் அவருக்குச் சட்டப்படியே உரிமை இருந்தது. புகார்கள் முற்றிப்போய் 1862 மார்ச்சில் காங்கிரஸ் தலையிட்டு, மாதச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று வரம்பு கட்டியது. 13க்கு ஆறில் ஒன்று என்றால் 2 டாலர் 17 சென்ட். அதற்கு மேல் கடன்பட்டவர்களிடம் அவர் வேறு வழியில் வசூலித்துக்கொண்டார். சம்பளம் தாமதமாகத் தாமதமாகச் சட்லருக்குத்தான் கொண்டாட்டம். அவரைத் திட்டாத சிப்பாயைக் காண்பது அரிது. இரவில் அவர் கூடாரத்தைக் கவிழ்த்துச் சூறையாடியதும் உண்டு. என் கருத்தில், விலை மோசம்தான். ஆனால் எதிரியிடமோ சேற்றிலோ மொத்தச் சரக்கையும் இழக்கிற ஆபத்தில் வியாபாரம் செய்தவர் அவர். உங்கள் சிப்பாய் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இன்னொரு பிடித்தம் துணிமணி. வருடத்துக்கு 42 டாலர் உடுப்புப் படி. அதற்குள் வாங்கிக்கொண்டால் மிச்சம் அவனுக்கு. அதைத் தாண்டினால் சம்பளத்தில் கை வைப்பார்கள். வசந்தத்தில் அணிவகுத்து நடக்கும்போது பாரம் தாங்காமல் மேல்கோட்டை வழியில் வீசிவிடுவார்கள். குளிர் வந்ததும் புதுக்கோட்டு வாங்க வேண்டும், 7 டாலருக்கு மேல். அதாவது பாதி மாதச் சம்பளத்தை ரோட்டோரம் எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். துப்பாக்கிச் சாமான் தொலைந்தாலும் காசு பிடிப்பார்கள்.

இவ்வளவும் போக மிஞ்சியதை வீட்டுக்கு அனுப்புவது அடுத்த தலைவலி. கடிதத்துக்குள் நோட்டை வைத்தால் திருட்டுப் பயம். பார்சல் கொண்டுபோகும் எக்ஸ்பிரஸ் கம்பெனி மூலம் அனுப்பலாம், கட்டணம் உண்டு. ரெஜிமெண்டின் பாதிரியார் ஊருக்குப் போனால் அவர் பையில் நூறு குடும்பத்துப் பணம் இருக்கும். சம்பளத்தில் ஒரு பகுதி நேராக வீட்டுக்கே போகும்படி எழுதிக்கொடுக்கும் திட்டத்தையும் 1861இல் கொண்டுவந்தார்கள். அதற்குக் கையெழுத்து வாங்க முகாம் முகாமாகக் குதிரையில் அலைந்தவர்களில் ஒருவர், பின்னால் ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட்டின் அப்பா. நம் கிராமங்கள் வாசலில் நின்று காத்திருந்த மணியார்டர், அமெரிக்காவில் 1864 நவம்பர் 1இல்தான் வந்தது. சிப்பாய்கள் பத்திரமாகப் பணம் அனுப்புவதுதான் அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். உங்கள் ஆளின் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு வந்த வசதி. உறைகள் இருந்தால் அதையும் பாருங்கள்: 'சோல்ஜர்ஸ் லெட்டர்' என்று எழுதி அதிகாரி ஒப்பமிட்டால் தபால்தலை இல்லாமலே போகும், 3 சென்டை வாங்குகிறவர் கொடுக்க வேண்டும். சம்பளம் வராத மாதங்களில் அவர் மனைவி காசு கொடுத்துத்தான், காசில்லை என்ற சேதியைப் படித்திருக்கிறார்.

'தங்கக் காசை மாற்றாதே' என்றது கெட்டிக்காரத்தனம். 1863 பிப்ரவரியில் 100 டாலர் தங்கத்துக்கு 160 டாலர் நோட்டு கொடுக்க வேண்டியிருந்தது. மறுவருடம் ஜூலையில் அது 285 வரை ஏறியது. 1864 மே முதல் சிப்பாய் சம்பளத்தை 16 டாலராக உயர்த்தினார்களே, அந்த ஜூலை உச்சத்தில் அந்த 16க்குத் தங்க மதிப்பு 6 டாலர்கூட இல்லை. சம்பளம் உயர்ந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே செருப்பு விலையைப் பற்றி அவர் புலம்பியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். (இதே போரால் தெற்கத்திப் பருத்தி லிவர்பூலுக்குப் போகாமல் நின்றபோது நம் திருநெல்வேலி, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பருத்திக்கு விலை எகிறியது. அதைக் கிளறினால் இந்தப் பதில் முடியாது.)

பக்கத்துப் பண்ணைக்காரரின் 300 டாலர், 1863 மார்ச் 3இல் வந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தின் விளைவு. சீட்டு விழுந்தவர் தனக்குப் பதில் ஆள் பிடித்துக் கொடுக்கலாம், அல்லது 300 டாலர் கட்டிவிட்டு அந்தச் சுற்றிலிருந்து தப்பிக்கலாம். 300 என்பது உங்கள் சிப்பாயின் 23 மாதச் சம்பளம். பணக்காரன் சண்டை, ஏழை சாகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த ஜூலையில் நியூயார்க்கில் கலவரம் வெடித்து நாலு நாள் நடந்தது. கொள்ளை, கொலை, அதிலும் கறுப்பின மக்கள்மேல்தான் வெறி பாய்ந்தது. போதாக்குறைக்கு அந்த வருடக் கடைசியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு 300 டாலர் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். முந்தின வருடம் 100க்குச் சேர்ந்து, அதிலும் 75ஐ இன்னும் கண்ணால் காணாதவருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த இடத்தில் அவர் கெட்ட வார்த்தை எழுதியிருந்தால் கண்காட்சிக்கு வேண்டுமானால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்குக் கொடுக்கும் பிரதியில் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன். உங்கள் ஆளுக்கு 13 என்றால் அதே படையில் கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் 3 உடுப்புக்குப் போய்க் கையில் 7. மாசசூசெட்ஸ் 54ஆவது ரெஜிமெண்ட் இந்தச் சம்பளத்தை வாங்கவே மறுத்துவிட்டது. குறைகிற தொகையை மாநிலமே தருகிறோம் என்றார்கள், அதையும் மறுத்தார்கள். ஒன்றரை வருடம் ஒரு காசு வாங்காமல் சண்டை போட்டார்கள். அதிலிருந்த கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங், 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே எழுதினார்: நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா? தென் கரோலினாவில் சேர்ந்த சார்ஜன்ட் வில்லியம் வாக்கர், சம சம்பளம் இல்லையென்றால் வேலையில்லை என்று தன் கம்பெனி (ரெஜிமெண்டின் ஒரு பிரிவு) ஆட்களோடு துப்பாக்கியைக் கீழே வைத்தார். கலகம் என்று தீர்ப்பாகி 1864 பிப்ரவரி 29இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சம சம்பளச் சட்டம் ஜூனில் வந்தது. குடிங் அதற்குள் தெற்கத்தி ஆண்டர்சன்வில் சிறை முகாமில் கிடந்தார். ஜூலையில் அங்கேயே இறந்தார். பணத்தைப் பற்றி எழுதுவது சின்ன விஷயம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பேரைக் காட்டுங்கள்.

தெற்கில் நிலைமை இதைவிட மோசம். 11 டாலர் சம்பளம், 1864இல் 18. அந்த நோட்டுக்குக் கடைசிக் காலத்தில் மதிப்பே இல்லை. 1863 ஏப்ரல் 2இல் ரிச்மண்டில் பெண்கள் ரொட்டி கேட்டுக் கடைகளை உடைத்தார்கள். பிள்ளைகள் பட்டினி என்று மனைவி எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு இரவோடிரவாக ஊருக்கு நடையைக் கட்டியவர்கள் ஏராளம்.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக் கடிதம். எல்லாக் கடிதங்களிலும் முக்கியமானது அதுதான் என்று நினைக்கிறேன். 1864 மே தொடங்கி ஆறு வாரத்தில் வடக்குத் தளபதி கிராண்டின் படைக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சேதம். வாஷிங்டன் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. ஒருவன் தன் கம்பெனியை விட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் அங்கே அவன் யார் என்று யாருக்கும் தெரியாது. பெயர், வயது, உயரம், கண் நிறம், சேர்ந்த தேதி, கடைசியாக எதுவரை சம்பளம் வாங்கினான், உடுப்புக் கணக்கில் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு பாக்கி என்று எல்லாம் எழுதிய ஒரு தாளைக் கம்பெனித் தலைவர் அனுப்ப வேண்டும். அதுதான் டிஸ்கிரிப்டிவ் லிஸ்ட். அது வராமல் ஒரு சென்ட் சம்பளம் கிடையாது. கம்பெனித் தலைவரோ பதுங்குகுழியில் இருப்பார், அல்லது செத்துப்போயிருப்பார். கணக்குப் பெட்டி எந்த வண்டியில் போனதோ. இப்படிக் கை கால் இழந்து படுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் பாக்கி இருந்தும் தபால்தலைக்குக் காசில்லாமல் கிடந்தவர்கள் அநேகம். 1862 டிசம்பரில் காயம்பட்ட தம்பியைத் தேடி ஃபால்மவுத்துக்கு வந்த கவிஞர் வால்ட் விட்மன், பிறகு வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளில் கட்டில் கட்டிலாகப் போய்ச் சின்னச் சின்ன நோட்டாகக் கொடுத்துவந்தார். கடிதமும் எழுதிக் கொடுத்தார். உங்கள் கடைசிக் கடிதத்தின் கையெழுத்து முந்தின கடிதங்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால் யாரோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவரால் எழுத முடியாத நிலை.

கடிதம் நின்றுபோனதால் செத்துவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். ஊருக்கு லீவில் அனுப்பியிருக்கலாம். மீதிக் கட்டு வேறு வாரிசிடம் இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி என்பதால் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வடக்கில் இறந்த ஏறக்குறைய 3,60,000 பேரில் சண்டையில் போனவர்கள் 1,10,000 சொச்சம். நோயில் போனவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு.

தேட வேண்டிய இடம் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். பெயரும் ரெஜிமெண்டும் தெரிந்தால் போதும். படைச் சேவைப் பதிவு ஒன்று, ஓய்வூதியக் கோப்பு ஒன்று, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சேவைப் பதிவுக்கு 86ஆம் எண் படிவம், ஓய்வூதியத்துக்கு 85. விதவைகளின் கோப்புகளில் ஒரு பகுதி இணையத்திலேயே உண்டு. அவர் இறந்திருந்தால் 1862 ஜூலை 14 சட்டப்படி மனைவிக்கு மாதம் 8 டாலர். அதை வாங்கக் கல்யாணம் நடந்ததற்கும் பிள்ளை பிறந்ததற்கும் சாட்சி கொடுத்திருப்பார், அந்தத் தாள்கள் எல்லாம் கோப்பில் இருக்கும். (இந்தப் போரின் கடைசி ஓய்வூதியம், ஒரு சிப்பாயின் மகளுக்கு, மாதம் 73 டாலர் 13 சென்ட், 2020இல் அவர் இறக்கும்வரை போய்க்கொண்டிருந்தது.)

'எல்லோருமே இப்படித்தானா' என்றதற்கும் அந்தக் கோப்புகளில் பாதி விடை இருக்கிறது. கல்யாணமாகாத மகனை இழந்த தாய் ஓய்வூதியம் கேட்டால், மகன் சம்பாத்தியத்தில்தான் பிழைத்தேன் என்று நிரூபிக்க வேண்டும். எதைக் காட்டுவாள்? 'அம்மா, இதோடு 10 டாலர் அனுப்புகிறேன்' என்ற வரி உள்ள கடிதங்களைத்தான். அப்படிக் கொடுத்தவை இன்றும் அரசாங்கக் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. காசைப் பற்றிய கடிதம் காசு பெறும் என்பதால் பிழைத்துக்கொண்டது. நலம் விசாரித்த கடிதங்கள் எத்தனை அடுப்புக்குப் போயினவோ.

கண்காட்சிக்கு என் யோசனை: ஒரே ஒரு பலகை. இடப்பக்கம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அவருக்கு வரவேண்டிய 52 டாலர். வலப்பக்கம் அவரே எழுதியிருக்கும் சட்லர் கடன், கோட்டு, வீட்டுக்கு அனுப்பியது, கடைப்பாக்கி. பக்கத்தில் ஒரு ஹார்ட்டாக் வில்லை செய்து வையுங்கள். மாவு, தண்ணீர், உப்பு போதும், பிள்ளைகள் கடித்துப் பார்க்கட்டும்.

சேவைப் பதிவு வந்ததும் கடைசி அட்டையை முதலில் பாருங்கள். போர் முடிந்து விடுவிக்கப்பட்டிருந்தால் அதில் 'கடைசியாகச் சம்பளம் வாங்கிய தேதி', 'சிப்பாய்க்குப் பாக்கி', 'அரசுக்குப் பாக்கி', 'ஊக்கத்தொகை கொடுத்தது, கொடுக்க வேண்டியது' என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஆயுதத்துக்கு 6 டாலர் பிடித்திருந்தால், ஊருக்குப் போகும்போது தன் துப்பாக்கியை விலைக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று அர்த்தம். 1865இல் அந்த விலைக்குக் கொடுத்தார்கள். அந்தத் தேதியையும் தொகைகளையும் எனக்கு அனுப்பினால், அவருக்கு எத்தனை மாதம் பாக்கி வைத்தார்கள் என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.